காய்ச்சலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த கட்டி

சென்ற இதழில் ரத்தசோகையைப் பற்றி நாலு வார்த்தை எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், எள்ளுருண்டை எல்லாம் சாப்பிட்டாச்சு. இரும்புச் சத்து மாத்திரையும் ஆறு மாசமா விழுங்கறேன். ரத்தம் மட்டும் ஏற மாட்டேங்கறதே, ஏன்?" என்று.

பெரும்பாலும் காரணம் சாதாரணமாகத்தான் இருக்கும். மாதவிலக்கில் அதிகப் போக்கு இருக்கலாம். வயிற்றில் கொக்கிப்புழு இருக்கலாம். காலையில் காப்பியோடு சேர்த்து மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கலாம். (காப்பியும் டீயும் இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சை ஜூஸோடு சாப்பிட்டால் நல்லது.) இதெல்லாம் சரியாக இருந்தும் ரத்தம் ஏறவில்லை, கூடவே உடம்பு இளைக்கிறது, சாயங்காலமானால் காய்ச்சல் வருகிறது என்றால்? அந்தக் கடைசி வகையைப் பற்றித்தான் இந்த முறை எழுதப் போகிறேன். அபூர்வமான விஷயம்தான். ஆனால் அபூர்வம் என்பதாலேயே யாருக்கும் ஞாபகத்துக்கு வராமல் போய்விடுகிறது.

மயிலாப்பூரில் இருக்கிற எனக்கு, வாரத்தில் இரண்டு நாள் நொச்சிக்குப்பம் வரை நடந்து போய் மீன் வாங்கி வருவது வழக்கம். லூப் சாலையில் வெயிலுக்குக் குடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்காக 2024ல் மாநகராட்சி புதிதாக மீன் அங்காடி கட்டிக் கொடுத்ததே, அந்த இடம். அங்கே எனக்கு வாடிக்கையான ஒரு அம்மாள். ஐம்பது வயது தாண்டியவர். (அடையாளம் தெரியக் கூடாதென்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வஞ்சிரத்தைத் துண்டு போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் கை ஓய்ந்து நான் பார்த்ததே இல்லை.

ஒரு ஐப்பசி மாதம் அவர் கை ஓய்ந்தது. "இன்னாம்மா உடம்புக்கு?" என்று பக்கத்துக் கடைக்காரி கேட்டால், "ஒண்ணுமில்ல, சோர்வு" என்பார். என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"சாயங்காலம் ஆச்சுன்னா போதும்மா, உடம்பு சுடுது. ராத்திரில தொப்பலா வேர்த்து ஊத்துது. காலைல எழுந்தா ஒண்ணுமில்ல. யார்கிட்ட சொன்னா நம்புவாங்க?"

அதன் பிறகு நடந்தது நம் ஊரில் ஆயிரம் வீடுகளில் நடப்பதுதான். முதலில் டைபாய்டு என்று ஊசி போட்டார்கள். காய்ச்சல் போகவில்லை. இடுப்புக்கு மேலே ஒரு பக்கம் மந்தமாக வலி இருந்தது. "முப்பது வருஷம் அன்னக்கூடை தூக்கின இடுப்பு, வலிக்காம என்ன செய்யும்?" என்று அவரே தைலம் தேய்த்துக்கொண்டார். ரத்தம் எட்டு கிராமுக்கு இறங்கியது. இரும்பு டானிக் கொடுத்தார்கள். மாதவிலக்கு நின்று மூன்று வருஷம் ஆன பெண்ணுக்கு ரத்தம் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. புடவைக் கட்டு தளர்ந்துபோகும் அளவுக்கு உடம்பு இளைத்தது. அடுத்து, ஒரு தனியார் கிளினிக்கில் காசநோயாக இருக்கலாம் என்று மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். சளியில் கிருமி இல்லை, மார்பு எக்ஸ்ரேயும் சுத்தம். என்றாலும், "இந்த ஊரில் இப்படி ஒரு காய்ச்சல் வேறென்னவாக இருக்கும்?" என்ற அனுமானம்தான். அந்த அனுமானத்தை முழுத் தப்பென்று சொல்ல மாட்டேன். பல வாரம் நீடிக்கும் காய்ச்சலில் நம் நாட்டில் முதலில் தேட வேண்டியது காசநோயைத்தான். ஆனால் தேடுவது வேறு, தேடாமலே மருந்து கொடுப்பது வேறு.

அந்த வீட்டைக் காப்பாற்றியது மருமகள். கைக்குழந்தைக்காரி. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அவள் செய்த ஒரே காரியம், மாமியாரின் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் ஒரு துணிக்கடைப் பையில் தேதி வாரியாகப் போட்டு வைத்ததுதான். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தப் பையை அப்படியே மேஜை மேல் கவிழ்த்தாள். அங்கிருந்த இளம் டாக்டர் சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தார். ஈ.எஸ்.ஆர். மூன்று தடவையும் நூறுக்கு மேல். ரத்தம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே. கல்லீரல் பரிசோதனையில் ஓர் எண் கூடுதல். "அம்மாவுக்கு வயிற்றை ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார். எடுக்கவில்லை. அன்றைக்கே எடுத்தார்கள். இடது சிறுநீரகத்தின் மேல் பாதியில் ஒரு கட்டி, தேங்காய் அளவு இல்லாவிட்டாலும் ஒரு நல்ல மாதுளம்பழம் அளவு.

"சிறுநீர்ல ரத்தம் வரல, எரிச்சல் இல்ல, கால் வீங்கல. சிறுநீரகத்துல கட்டின்னா எப்படி?" என்று மருமகள் என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியாததால், அரசாங்க மருத்துவமனையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். அவர் சொன்னதைத்தான் இங்கே என் வார்த்தையில் தருகிறேன்.

சிறுநீரகத்தை நாம் வெறும் வடிகட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வடிகட்டிதான், அதில் சந்தேகமில்லை. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, தேவையானதையெல்லாம் திருப்பி எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் போல வெளியே அனுப்புகின்றன. ஆனால் அது ஓர் ஆபீஸும்கூட. உடம்பின் மற்ற பாகங்களுக்கு அங்கிருந்து கடிதம் போய்க்கொண்டே இருக்கிறது. "ரத்தச் சிவப்பணுக்களை உற்பத்தி செய்" என்று எலும்பு மஜ்ஜைக்குப் போகும் கடிதத்தின் பெயர் எரித்ரோபொயட்டின். ரத்த அழுத்தத்தைக் கூட்டச் சொல்லும் கடிதம் ரெனின். குடலிலிருந்து கால்சியத்தை இழுக்கும் வைட்டமின் டியை முறுக்கேற்றுவதும் அங்கேதான்.

இப்படிப்பட்ட ஆபீஸுக்குள் ஒரு புற்றுநோய்க் கட்டி வந்து உட்கார்ந்தால், அது கள்ளக் கடிதம் எழுத ஆரம்பிக்கிறது. சில கடிதங்கள் சிறுநீரகம் வழக்கமாக எழுதுபவைதான், அளவு மட்டும் தப்பு. சில கடிதங்கள் அது எழுதவே கூடாதவை. கூடவே, கட்டியை எதிர்த்துச் சண்டை போடும் நம் உடம்பின் காவல் அணுக்களும் இன்டர்லூகின்-6 போன்ற ரசாயனங்களைக் கொட்டுகின்றன. கட்டி ஓரிடத்தில்; அது செய்யும் அட்டகாசம் வேறிடத்தில். புற்றுநோய் பரவவே இல்லை, ஆனால் காய்ச்சல், ரத்தசோகை, கல்லீரல் கோளாறு எல்லாம் வருகிறது. இதற்குத்தான் மருத்துவத்தில் 'பாரானியோபிளாஸ்டிக் சிண்ட்ரோம்' என்று நீளமாகப் பெயர். 'பாரா' என்றால் பக்கத்தில். புதுக் கட்டியின் பக்கவாட்டில் வரும் தொல்லைகள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பல புற்றுநோய்களில் இது உண்டு. நுரையீரல் கட்டி இதில் பேர்போனது. சிறுநீரகப் புற்றுநோயும் சளைத்ததல்ல. நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இப்படி ஏதாவதொன்று வருகிறது. சிறுநீரில் ரத்தம், விலாவுக்குக் கீழே வலி, கைக்குத் தட்டுப்படும் கட்டி, இந்த மூன்றும்தான் பழைய பாடப் புத்தகங்களில் உள்ள அடையாளம். ஆனால் மூன்றும் சேர்ந்து வருவது பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. வலிக்காமல் உள்ளேயே வளர்ந்து, காய்ச்சல் டாக்டரிடமும் கல்லீரல் டாக்டரிடமும் ரத்த டாக்டரிடமும் ஆளை அலைய வைக்கும். டாக்டர்களுக்குள்ளேயே இதைப் 'பொது மருத்துவரின் கட்டி' என்று சொல்வார்களாம். அறுவை நிபுணரிடம் போவதற்கு முன்னால் பொது மருத்துவரிடம்தான் முதலில் முகம் காட்டுகிறது என்பதால்.

முதலில் ரத்தசோகை. கடிதம் எழுதிய சகோதரிகள் இங்கே கவனிக்கவும். இன்டர்லூகின்-6 கல்லீரலுக்குப் போய் ஹெப்சிடின் என்ற பொருளை அதிகமாகச் சுரக்க வைக்கிறது. அது உடம்பிலுள்ள இரும்புக் கிடங்கைப் பூட்டிச் சாவியை மடியில் சொருகிக்கொள்கிறது. ரேஷன் கடையில் மூட்டை மூட்டையாக அரிசி இருக்கிறது, கடையைத் திறக்க ஆளில்லை என்றால் எப்படி? அப்படி. மேலும் மேலும் மாத்திரை சாப்பிட்டால் மேலும் மேலும் மூட்டை சேரும், வீட்டில் உலை கொதிக்காது. 'ஃபெரிட்டின்' என்ற பரிசோதனை செய்தால் கிடங்கில் இரும்பு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். சாதாரணச் சத்துக்குறைவு ரத்தசோகையில் அது குறைவாக இருக்கும். பூட்டிய கிடங்கில் சரியாகவோ அதிகமாகவோ இருக்கும். ஆணுக்கு ரத்தம் எட்டு கிராம் என்றால் டாக்டர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து காரணம் தேடுகிறார். பெண்ணுக்கு எட்டு என்றால், "பொம்பளைங்களுக்கு இது சகஜம்" என்று டானிக் எழுதுகிறார்கள். இந்த வேறுபாடு எனக்குக் கோபத்தைத் தருகிறது, மறைக்க மாட்டேன். மாதவிலக்கு நின்ற பெண்ணின் ரத்தசோகைக்குக் காரணம் கண்டுபிடிக்காமல் விடக் கூடாது என்று டாக்டரம்மா மேஜையைத் தட்டிச் சொன்னார்.

வெகு சிலருக்கு இதற்கு நேர் எதிராக நடக்கும். கட்டி எரித்ரோபொயட்டினை வாரி இறைத்து ரத்தம் தேவைக்கு மேல் கெட்டியாகிவிடும். முகம் சிவந்து, தலை பாரமாக இருக்கும். இது ஏன் என்று தேடிப் போனவர்களில் ஒருவருக்கு நோபல் பரிசே கிடைத்தது. அமெரிக்காவின் வில்லியம் கெயலின், வி.எச்.எல். என்ற பரம்பரை நோய் உள்ள குடும்பங்களை ஆராய்ந்தார். அந்தக் குடும்பங்களில் சிறுநீரகப் புற்றுநோய் அதிகம். 'பிராணவாயு போதுமான அளவு இருக்கிறது, கவலைப்படாதே' என்று செல்லுக்குச் சொல்லும் ஏற்பாடு அவர்களிடம் பழுதாகியிருந்தது. மூச்சுத் திணறுவதாக நினைத்துக்கொண்டு அந்தச் செல்கள் ரத்தத்தைக் கூட்டு, புது ரத்தக் குழாய் போடு என்று கூச்சல் போடுகின்றன. அந்தப் பரம்பரை நோய் இல்லாத பெரும்பாலோரின் சிறுநீரகப் புற்றுநோயிலும் இதே பழுதுதான் இருக்கிறது. 2019ல் அவரும் பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்ஸா என்ற இருவரும் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இன்றைக்குப் பரவிய நோய்க்குக் கொடுக்கிற மாத்திரைகள் சில, இந்த அறிவிலிருந்து பிறந்தவைதான்.

காய்ச்சல் ஐந்தில் ஒருவருக்கு வரும். சாயங்காலச் சூடு, இரவு வியர்வை, இளைப்பு, பசியின்மை. அப்படியே காசநோய் மாதிரி இருப்பதால்தான் நம் ஊரில் இது ஏமாற்றுகிறது. ஈ.எஸ்.ஆர். என்பது மிக மலிவான பரிசோதனை. ஒரு மணி நேரத்தில் ரத்த அணுக்கள் கண்ணாடிக் குழாயில் எவ்வளவு தூரம் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பது. அது உயர்ந்திருப்பதால் மட்டும் இன்ன நோய் என்று சொல்ல முடியாது. நூறைத் தாண்டினால், "அதான் டானிக் கொடுத்திருக்கேனே" என்று விடவும் முடியாது.

அடுத்தது கால்சியம். இது கொஞ்சம் ஆபத்தானது. 1941ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாஸசூஸெட்ஸ் பொது மருத்துவமனையில் ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற டாக்டர் ஒரு நோயாளியைப் பற்றி விவாதித்தார். சிறுநீரகப் புற்றுநோய். ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கம், பாஸ்பேட் குறைவு. நோய் பரவியிருந்தது ஒரே ஒரு எலும்பில். ஓர் எலும்பு கரைந்து இவ்வளவு கால்சியம் வர முடியாதே என்று யோசித்தவர், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி சுரப்பதைப் போன்ற ஒன்றை இந்தக் கட்டியே சுரக்கிறது என்று ஊகித்தார். ஊகம் சரிதான் என்று நிரூபிக்க 46 வருஷம் ஆயிற்று. 1987ல்தான் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள்.

இதில் தாய்மார்களுக்கு ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. அதே பொருள் பால் கொடுக்கும் தாயின் மார்பிலும் சுரக்கிறது! எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துப் பாலில் சேர்ப்பதற்கு இயற்கை செய்த ஏற்பாடு அது. குழந்தை பால் குடிப்பதை நிறுத்திய பிறகு எலும்பு மறுபடி தேறிவிடும். தாய் எடுத்துக் குழந்தைக்குக் கொடுக்கிற அதே வழியில் கட்டி திருடிக்கொள்கிறது.

ரத்தத்தில் கால்சியம் சாதாரணமாக எட்டரையிலிருந்து பத்தரை மில்லிகிராம் வரை இருக்கும். அதற்கு மேலே போனால் அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், தூக்கக் கலக்கம், கடைசியில் புத்தி தடுமாற்றம். "மாமிக்கு வயசாச்சு, ரெண்டு நாளா என்னென்னவோ பேசறா" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். தாகமும் சிறுநீரும் சர்க்கரை வியாதியிலும் வரும். சர்க்கரை பார்த்தாச்சு, இல்லை என்றால் கால்சியத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நரம்பில் உப்புநீர் ஏற்றி, எலும்பைக் காக்கும் ஊசி போட்டு ஒரு சில நாளில் இறக்கிவிடலாம். தாமதம்தான் கெடுதல்.

கல்லீரல் சமாசாரம் எனக்கு ரொம்ப ஆச்சரியம். 1961ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஸ்டாஃபர் என்ற டாக்டர் கவனித்து எழுதினார். சிறுநீரகக் கட்டி உள்ள சிலருக்குக் கல்லீரல் வீங்கி, அதன் பரிசோதனைகள் எல்லாம் கெட்டிருக்கும். ஆனால் கல்லீரலில் புற்றுநோய் இருக்காது. சிறுநீரகத்தை எடுத்துவிட்டால் கல்லீரல் தானாகவே சரியாகிவிடும்! அவர் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். இது தெரியாவிட்டால் இரண்டு விதமான அனர்த்தம் நடக்கும். ஒன்று, காமாலை என்று பச்சிலையும் பத்தியமுமாக மாசக்கணக்கில் காலம் போகும். இரண்டாவது இன்னும் கொடுமை. "கல்லீரலுக்குப் பரவிடுச்சு, இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல" என்று வீட்டாரே முடிவு கட்டிவிடுவார்கள். பரவியிருக்கிறதா இல்லையா என்பதை சி.டி. ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து நாம் சொல்லக் கூடாது.

ரத்த அழுத்தம் பற்றி நீட்டவில்லை. இளம் வயதில் திடீரென்று வந்தாலும், இரண்டு மூன்று மாத்திரைக்கும் அடங்காவிட்டாலும், சிறுநீரகத்தை ஒரு தடவை பார்த்துவிடுவது வழக்கம். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு தேடி வந்து அழுத்தம் பார்த்தபோது, "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று கையை நீட்ட மறுத்த பெண்கள் எத்தனை பேர்!

ஐயோ, பயந்துவிடாதீர்கள். காய்ச்சல் வந்தவர்களுக்கெல்லாம் சிறுநீரகத்தில் கட்டி இருக்கப்போவதில்லை. சென்னைப் பெண்களிடம் முதல் வரிசையில் இருப்பவை மார்பகப் புற்றுநோயும் கருப்பை வாய்ப் புற்றுநோயும்தான். சிறுநீரகப் புற்றுநோய் பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. புகைபிடித்தல், அதிக எடை, உயர் ரத்த அழுத்தம் மூன்றும் அதற்கு வழி வகுப்பவை. ஆகவே வீட்டுக்காரர் விஷயத்திலும் கண் இருக்கட்டும். ஆண்களுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. இடது பக்க விதைப்பையில் திடீரென்று நரம்பு புடைத்து, படுத்தாலும் வடியாமல் இருப்பது. சொல்ல வெட்கப்படுவார்கள். நீங்கள்தான் கேட்டு அழைத்துப் போக வேண்டும்.

பரிசோதனைகளும் ஒன்றும் மலையைப் பெயர்ப்பதல்ல. சிறுநீர்ப் பரிசோதனை, ஈ.எஸ்.ஆர்., ரத்த எண்ணிக்கை, கல்லீரல், கால்சியம், வயிற்றுக்கு அல்ட்ராசவுண்டு ஸ்கேன். கர்ப்பிணிக்கு எடுக்கிற அதே ஸ்கேன்தான், கதிர்வீச்சு கிடையாது. இதில் ஒரு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும். "கிரியேட்டினின் நார்மல், சிறுநீரகம் பிரமாதமா இருக்கு" என்று சொன்னால் அது சிறுநீரகத்தின் வேலையைப் பற்றிய செய்தி. ஒன்றில் கட்டி இருந்தாலும் மற்றது ஈடுகட்டிவிடுவதால் கிரியேட்டினின் ஏறாது. கட்டி இருக்கிறதா என்று ஸ்கேனில்தான் தெரியும். கட்டி சின்னதாக, சிறுநீரகத்துக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்து எடுத்துவிட்டால், பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து வருஷம் தாண்டி நன்றாக இருக்கிறார்கள். சிறியதென்றால் கட்டியை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு மீதிச் சிறுநீரகத்தை விட்டுவிடுவதும் உண்டு. இந்த நோய்க்கு வழக்கமான கீமோதெரபி பெரிதாக உதவாது. அறுவைதான் முக்கியம்.

ஒரு சிறுநீரகத்தோடு மனிதர் வாழ முடியுமா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொன்னவள் ஒரு பெண். ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரில் 1869 ஆகஸ்டு 2ந் தேதி குஸ்தவ் சைமன் என்ற டாக்டர் அவளுக்கு ஒரு சிறுநீரகத்தை எடுத்தார். அதற்கு முன் செய்த ஓர் அறுவையில் சிறுநீர்க் குழாய் சேதமாகி, ஓயாமல் சிறுநீர் கசிந்துகொண்டிருந்தது. பாவம். நாய்களுக்குச் செய்து பார்த்து, ஒன்றே போதும் என்று உறுதி செய்துகொண்ட பிறகே அவளை மேஜையில் படுக்க வைத்தார். பிழைத்தாள்.

நொச்சிக்குப்பத்து அம்மாளுக்கும் அறுவை நடந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களிலேயே சாயங்காலச் சூடு நின்றுபோனது. மருந்து எதுவும் இல்லாமல், கள்ளக் கடிதம் எழுதியவனை வெளியேற்றியதாலேயே நின்றது. மூன்று மாதத்தில் ரத்தம் பதினொன்றைத் தொட்டது. அதே டானிக்தான், இப்போது வேலை செய்தது. இன்னும் ஸ்கேனுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார், சில வருஷங்களுக்குப் போகத்தான் வேண்டும். ஏனென்றால், போன காய்ச்சலும் உயர்ந்த ஈ.எஸ்.ஆரும் கல்லீரல் எண்ணும் மறுபடி தலைகாட்டினால், நோய் எங்கேயோ திரும்பியிருக்கிறது என்று அதுவே முதல் சேதியாக இருக்கும். மருமகள் இப்போது பையை மாற்றி, ஒரு ஃபைல் வாங்கியிருக்கிறாள்.

மயிலாப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனை கிட்டத்தில். அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பிடிவாதமாக நின்று 1954ல் பன்னிரண்டே படுக்கைகளோடு தொடங்கியது அது. பிறகு டாக்டர் சாந்தா 2021ல் மறையும் வரை தம் வாழ்நாளையே அங்கே கழித்தார். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் போகும்போது மறக்காமல் எடுத்துப் போங்கள்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கும் சிறுநீரகக் கட்டி வருவதுண்டு. இது வேறு வகை. 1899ல் விவரமாக எழுதிய மாக்ஸ் வில்ம்ஸ் பெயரால் 'வில்ம்ஸ் கட்டி' என்கிறார்கள். (அவரும் பிற்பாடு அதே ஹைடல்பர்கில் இருந்தவர்தான், நோயாளியிடமிருந்து தொற்றிய டிப்தீரியாவில் 1918ல் இறந்தார்.) பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும். குழந்தை ஓடி ஆடிக்கொண்டிருக்கும், வலி என்று சொல்லாது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது வயிற்றின் ஒரு பக்கம் கெட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். டவுசர் இடுப்பில் பிடிக்கும். உலகமெங்கும் இதை முதலில் கண்டுபிடிப்பது டாக்டரல்ல, குளிப்பாட்டும் கைதான். நான்கில் ஒரு குழந்தைக்கு ரெனின் கூடி ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். சில குழந்தைகளுக்கு ரத்தம் உறையும் சக்தி குறைந்து மூக்கிலும் ஈறிலும் கசியும். கட்டி தட்டுப்பட்டால் பாட்டி, அத்தை, எதிர்வீட்டு மாமி என்று ஆளாளுக்கு அமுக்கிப் பார்க்க விடாதீர்கள். உடைந்து பரவும் அபாயம் உண்டு. சுளுக்கு எடுக்கிறேன், குடலேற்றம் தட்டுகிறேன் என்று வருபவர்களிடம் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரி. பெரியவர்கள் கட்டியைப் போலில்லாமல் இதற்கு மருந்து நன்றாகக் கேட்கும். நல்ல வசதியுள்ள நாடுகளில் பத்துக்கு ஒன்பது குழந்தைகள் முழுதாகக் குணமாகிவிடுகிறார்கள்.

கடைசியாக, ஒரு சிறுநீரகம் எடுக்கப்பட்ட கணவருக்கு என்ன சமைப்பது என்று கேட்டிருந்த தாம்பரத்துச் சகோதரிக்கு. மற்ற சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் பெரிய பத்தியம் எதுவும் இல்லை. மீன் தாராளமாகச் சமைக்கலாம். குழம்பில் உப்பைக் குறையுங்கள், அவ்வளவுதான். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம், உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றி இருக்கிற ஒன்றையும் கெடுக்கும். மூட்டு வலி, தலைவலி என்று மருந்துக் கடையில் அவராகவே வாங்கிப் போட்டுக்கொள்கிறாரே அந்த வலி மாத்திரை, டைக்ளோஃபெனாக் போன்றவை, அதை டாக்டர் சீட்டு இல்லாமல் வீட்டுக்குள் விடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது ரத்த அழுத்தமும் கிரியேட்டினினும் பார்த்துவிட்டு, அந்தச் சீட்டைத் தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள்.